தண்ணி நிறுத்திக் கொடுத்த மருந்து

ஆத்தூர் மரவள்ளி மண்டியில் யாரோ சொன்னதை ஒரு லோடுமேன் கேட்டிருக்கிறான். அவன் போய்த் தன் கொழுந்தியாளிடம் சொல்ல, அந்தக் கொழுந்தியாள் ராசிபுரத்திலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு பக்கத்து சீட்காரிக்கு அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஆத்தூர் மண்டியில பேசிக்கறாங்க, நாமகிரிப்பேட்டையில ஒரு கோழிப்பண்ணைக்காரராம். நெஞ்சுக்குள்ள மோட்டார் வெச்சிருக்காங்களாம். கையைப் புடிச்சுப் பார்த்தா நாடியே இருக்காதாம்."

"செத்தவங்களுக்குத்தான் நாடி இருக்காது."

"அதைத்தான் சொல்றேன். ஆளு போயி ஒன்றரை வருசம் ஆச்சாம். மோட்டார்தான் நடக்க வெக்குதாம். இப்ப அந்த மோட்டாரு ரெண்டு கிட்னியையும் உறிஞ்சிப் போட்டுதாம்."

"அட கெரகமே! அப்புறம் ஒண்ணுக்கு எப்படிப் போவாரு?"

"போறதே இல்லையாம்."

பின்சீட்டில் மடியில் மாத்திரைப் பையோடு உட்கார்ந்திருந்த மைதிலிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர்கள் சொல்லும் கோழிப்பண்ணைக்காரர் அவள் புருசன். ஊர்வாயில் குணசீலன் செத்தது இது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. ஒருதரம் கரண்ட் போனதும் ஆளே நின்றுபோனார் என்றார்கள். இன்னொருதரம் அவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று சொல்லி ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். அதையெல்லாம் அவள் வீட்டுக்கு வந்து சொல்வாள், அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நெஞ்சில் வைத்த பம்பிலிருந்து வயிற்று வழியாக வெளியே வரும் ஒயர் அசையக்கூடாது என்பதால் சிரிக்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

ஆனால் கிட்னி என்ற பேச்சு இதற்குமுன் வந்ததில்லை. போன பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருந்தது. இல்லாத ஒன்றை ஆத்தூரில் எவன் கண்டான்? பஸ் மேடு ஏறி இறங்குவதற்குள் அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. 'போறதே இல்லையாம்' என்பது மட்டும் காதிலேயே நின்றது. யோசித்துப் பார்த்தால், இந்தப் பத்து நாளாக அவர் பாத்ரூம் போய் அவள் பார்த்ததே குறைவுதான்.

குணசீலனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பதில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணன் சின்னண்ணனோடு சேர்ந்து இரண்டாயிரம் கோழியில் பண்ணை போட்டவர். இன்றைக்கு அது நாற்பதாயிரம். அண்ணனுக்கு முட்டை வண்டி, தீவனம், ஆட்கள். தம்பிக்குக் கோழி. ஷெட்டுக்குள் நுழைந்ததும் அவர் பேசமாட்டார், ஐந்து நிமிசம் சும்மா நின்று சத்தம் கேட்பார். "மூணாவது வரிசையில சளி புடிச்சிருக்குது" என்பார், பிடித்திருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். செத்த கோழியைச் சாக்கில் மல்லாக்கப் போட்டு நெஞ்சைத் திறந்து, ஈரல் இது, கிட்னி இது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சாவுக்குக் காரணம் சொல்வார். சுற்றுவட்டத்தில் மூன்று ஊர்ப் பண்ணைக்காரர்கள் கால்நடை டாக்டருக்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பெண் பார்க்க வந்தபோதே அப்படித்தான். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எம்மேல கோழி வாடை அடிக்கும், ஒத்துக்குமா?" என்று நேராகக் கேட்டார். மைதிலி, "சோப்பு இருக்குதில்லீங்க" என்றாள். அங்கேயே முடிந்தது பேச்சு.

அப்படி ஊரார் கோழி நெஞ்சையெல்லாம் திறந்து பார்த்தவருக்குத் தன் நெஞ்சில் நடந்தது தெரியவில்லை. நாற்பத்தொன்பதில் ஒரு விடிகாலை நெஞ்சு அடைத்தது. வாயு என்று சோடா குடித்துவிட்டு, முட்டை வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டை வரை போய் இறக்கிவிட்டுத் திரும்பினார். அதற்குள் இருதயத்தில் பாதிக்குமேல் செத்துவிட்டது. அடுத்த இரண்டு வருசம் மைதிலி கண்ணால் பார்த்ததை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கால் தூண்போல வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியே தூங்குவார். கடைசியில் கிட்னியும் படுத்துக்கொண்டது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அப்போதுதான் அவளுக்கு விளக்கிச் சொன்னார்கள். கிட்னிக்குத் தனியாக நோவு ஒன்றுமில்லை, இருதயம் தள்ளாததால் அதற்கு ரத்தம் போய்ச் சேரவில்லை, பம்ப் வைத்தால் திரும்பும் என்று. ரோட்டோரம் இருந்த மேட்டுக்காடு அந்தச் செலவுக்கு விலைபோனது. பம்ப் வைத்து ஒரு மாதத்தில் கிட்னி திரும்பியது. கிரியேட்டினின் என்று ரத்தத்தில் ஒரு அளவு பார்ப்பார்கள், கிட்னி கழிக்கவேண்டிய கசடு எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அது சொல்லும். இரண்டே முக்காலிலிருந்து ஒன்று புள்ளி ஒன்றுக்கு இறங்கியது. டாக்டர் பேப்பரைக் காட்டியபோது மைதிலி அந்த எண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வேறு வாழ்க்கை. இடுப்பில் ஒரு பை, அதற்குள் பம்பை நடத்தும் சின்னப் பெட்டி, இரண்டு பக்கமும் பேட்டரி. பம்ப் ரத்தத்தை நிற்காமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் துடிப்பு கிடையாது. நெஞ்சில் காதை வைத்தால் தூரத்தில் தறி ஓடுவதுபோல் ஒரு ரீங்காரம் கேட்கும். ஊர் சுகாதார நிலையத்தில் புதிதாக வந்த நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்து, பிரஷர் கருவியை மூன்றுதரம் சுற்றிப் பார்த்து, வேர்த்துப்போய் நின்றாள். "பயந்துக்காத சாமி, நான் இருக்கறேன்" என்று இவர்தான் அவளுக்கு ஆறுதல் சொல்லவேண்டியிருந்தது. மாற்று இருதயத்துக்கான பட்டியலிலும் பேர் பதிந்து வைத்திருந்தார்கள். இருதயம் கிடைக்கும்வரைக்கும் பம்ப் என்று ஏற்பாடு.

பஸ்ஸை விட்டு இறங்கி அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது குணசீலன் பேட்டரி சார்ஜ் போடும் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சித்திரை வெயிலில் அந்த அறை கொதித்தது. அவர் உதடு வெடித்து வெள்ளையாகத் தோல் உரிந்து கிடந்தது.

"ஏனுங்க, ஒண்ணுக்கு ஒழுங்காப் போறீங்களா?"

"வந்ததும் வராததுமா இதென்ன நாயம்? செருப்பைக் கழட்டு மொதல்ல."

"போறீங்களா இல்லையா?"

"வெயில் காலம். வேர்வையில போயிருது." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நேத்தும் முந்தாநேத்தும் கொஞ்சம் கம்மி."

அதே நேரத்தில் இடுப்புப் பெட்டி கூவியது. ரத்தம் குறைவாகப் போகிறது என்பதற்கான கூவல். பம்ப் வைத்த புதிதில் ஒருதரம் கேட்டது, அதற்கப்புறம் இல்லை. மைதிலி மாத்திரைப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பெட்டியைப் பார்த்தாள். குணசீலனோ பெட்டியைத் தட்டி, "ஒரு வாரமா இப்படித்தான் அப்பப்ப கத்துது. தானா நின்னுரும்" என்றார்.

"ஒரு வாரமாவா! எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உடனே கோயமுத்தூர்ங்குவ."

ஆஸ்பத்திரியில் பம்ப் வைத்தவர்களைக் கவனிப்பதற்கென்றே வெண்ணிலா என்று ஒரு நர்ஸ் இருந்தாள். எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பாள். பெட்டியில் தெரிந்த எண்களை மைதிலி படிக்கப் படிக்க அவள் குரலில் இருந்த சிரிப்புப் போனது. "அக்கா, இப்பவே ராசிபுரம் லேப்ல ரத்தம் குடுங்க. கிட்னிக்கு. ரிசல்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்க. பையைக் கட்டி வெச்சுக்கங்க" என்றாள்.

லேப்காரர் இரண்டு மணி நேரத்தில் கூப்பிட்டார். "எங்கயோ தப்பு நடந்தாப்பல இருக்குதுங்க, மறுபடியும் ஒருக்கா ரத்தம் எடுக்கோணும்" என்றார். மறுபடி எடுத்தார். தப்பு ஒன்றும் இல்லை. நாலு புள்ளி மூன்று.

பஸ்ஸில் வந்தவள் சொன்னது நிஜம். பக்கத்தில் படுத்து எழுந்திருப்பவளுக்குத் தெரியாதது, மூன்று வேளை மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுப்பவளுக்குத் தெரியாதது, ஆத்தூர் மண்டிக்குத் தெரிந்திருக்கிறது.

சின்னண்ணன் காரை எடுத்தார். கோயம்புத்தூர் போகும் வழியில் பெட்டி திருச்செங்கோட்டில் ஒருதரமும் பெருந்துறையில் ஒருதரமும் கூவியது.

ஆஸ்பத்திரியில் முதலில் பம்புக்குள் ரத்தம் கட்டிவிட்டதோ என்று பயந்தார்கள். அதற்கான சோதனையில் ஒன்றுமில்லை. பிறகு ஸ்கேன். இருதயத்தின் இடது அறை சுருங்கி, சுவரும் சுவரும் ஒட்டுகிற அளவுக்கு வந்திருந்தது. பம்ப் இழுக்க உள்ளே ரத்தம் போதவில்லை. சிறுநீரக டாக்டர் அனிதா வந்தார். நாற்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தினமும் எவ்வளவு தண்ணி குடிக்கிறார்?"

"ஒன்றரை லிட்டருங்க டாக்டரம்மா" என்றாள் மைதிலி. "நீங்க சொன்ன அளவுதான், கூட இல்ல குறைய இல்ல. நானே காலையில ரெண்டு பாட்டில் ரொப்பி வெச்சிருவேன். பொழுதோட பார்த்தா காலியா இருக்கும்."

"வயித்தால போச்சா? வாந்தி?"

"இல்லீங்க."

"அப்படின்னா கணக்கு ஒத்து வரல. உடம்பு பூராக் காஞ்சு கெடக்குது. இவ்வளவு காயணும்னா அரை லிட்டர்கூட உள்ள போயிருக்காது." டாக்டர் குணசீலன் பக்கம் திரும்பினார். "அண்ணா, அந்தத் தண்ணி எங்க போச்சு?"

குணசீலன் அண்ணனைப் பார்த்தார். சின்னண்ணன் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்.

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று குணசீலன் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ஷெட்டில் நின்று ஆட்களுக்குச் சொல்கிற குரல் வந்துவிட்டது. "பங்குனியில ரத்தம் நீர்க்கற மாத்திரை எனக்கு வேலையே செய்யலீங்க. அளவை ஒருவாட்டி ஏத்துனீங்க, ஒருவாட்டி எறக்குனீங்க, மறுக்காவும் ஏத்துனீங்க. மருந்து உடம்புல சேரலைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நாங்க பண்ணையில தண்ணியிலதானுங்க மருந்து கலந்து குடுப்போம். சும்மாக் குடுத்தா கோழி கொத்திட்டுப் போயிரும், பாதி மருந்து தொட்டியிலயே நிக்கும். அதனால முன்னாடியே தண்ணியை நிறுத்திருவோம். தாகம் எடுக்கோணும். அப்புறம் மருந்துத் தண்ணியைத் தொறந்துவிட்டா ஒரே இழுப்புத்தான், சொட்டு மிஞ்சாது. குடுத்த பொறவும் உடனே நல்ல தண்ணி விடமாட்டோம், மருந்து கழுவிட்டுப் போயிருமுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டார். "நீங்களும் அப்படியே பண்ணினீங்களா?"

"மாத்திரைக்கு முன்ன மூணு மணி நேரம், பின்ன ரெண்டு மணி நேரமுங்க. கோழிக்கு அவ்வளவு ஆகாது. மனுசன் பெரிய உடம்பில்லீங்களா."

"மூணு வேளைக்கும்?"

"மூணு வேளைக்குமுங்க."

மைதிலிக்குப் புரிய ஒரு நிமிசம் ஆனது. காலை எட்டு மணி மாத்திரைக்கு ஐந்திலிருந்து பத்து வரை தண்ணீர் கிடையாது. மதியம் இரண்டு மணிக்குப் பதினொன்றிலிருந்து நாலு வரை. இரவு ஒன்பதுக்கு ஆறிலிருந்து பதினொன்று வரை. பகல் பூராவும் பார்த்தால் மூன்று மணி நேரம்தான் மிச்சம். சித்திரை மாதம், மேலே தகர ஷீட் போட்ட அறை, நீர் இறங்குவதற்கு ஒரு மாத்திரை வேறு.

"மிச்சத் தண்ணியை என்ன பண்ணினீங்க?" என்றாள்.

"ஜன்னல்ல ஊத்திருவேன்." அவளைப் பார்க்காமல் சொன்னார். "நீ பாட்டிலைப் பார்ப்பியே."

டாக்டர் அனிதா கோபப்படவில்லை. அதுதான் மைதிலிக்கு இன்னும் பயமாக இருந்தது. தணிந்த குரலில் கேட்டார். "அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். கோழிக்கு எத்தனை மணி நேரம் தண்ணி நிறுத்துவீங்க?"

"ரெண்டு மணி நேரமுங்க."

"சித்திரையிலயும் ரெண்டா?"

"ஐயோ, ஆகாதுங்க. வெயில் காலத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல நிறுத்தப்படாதுங்க."

"ஏன்?"

"மேல போனா மறுநாளே சாவு விழும். அறுத்துப் பார்த்தா கிட்னி ரெண்டும் வீங்கி, சுண்ணாம்பு பூசுனாப்பல..."

நிறுத்திவிட்டார். கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது, ஆஸ்பத்திரிச் சட்டையில் பை இல்லை. முப்பது வருசமாக எத்தனையோ பேருக்குச் சொன்ன காரணத்தை அவர் தன் வாயாலேயே சொல்லி, தன் காதாலேயே கேட்டார். முகம் சாம்பல் பூத்துப்போனது.

"அண்ணா" என்றார் குணசீலன், சின்னண்ணனைப் பார்த்து.

சிகிச்சை கேட்பதற்கு லேசாக இருந்தது. நீர் இறக்கும் மாத்திரை நிறுத்தம், நரம்பு வழியாகத் தண்ணீர். ஆனால் வேகமாக ஏற்ற முடியாது, இருதயத்தின் வலது பக்கத்துக்குப் பம்ப் கிடையாது, அது பாவம் தன் பலத்தில்தான் ஓடுகிறது, வெள்ளம் வந்தால் தாங்காது என்றார் டாக்டர். சொட்டுச் சொட்டாக இறங்கியது. மறுநாள் நாலு புள்ளி எட்டு. அதற்கடுத்த நாள் ஐந்து புள்ளி ஒன்று. கூவல் நின்றுவிட்டது, இருதயத்துக்குள் ரத்தம் வந்துவிட்டது, ஆனால் கிட்னி எழுந்திருக்கவில்லை.

"பம்ப் வெச்ச பலபேருக்குக் கிட்னி மொதல்ல நல்லாத் தெளிஞ்சுட்டு, அப்புறம் மெல்ல மெல்ல எறங்கறது உண்டு" என்று டாக்டர் அனிதா மைதிலியை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "இவருக்கு அப்படி மெல்ல எறங்கல, தள்ளி விட்டிருக்காங்க. அடி மேலோட்டமா இருந்தா எந்திரிச்சிரும். நாளைக்கு மத்தியான ரிசல்ட்டைப் பார்ப்போம். எறங்குச்சுன்னா நல்லது. ஏறுச்சுன்னா டயாலிசிஸ்தான். ரொம்ப நாளைக்கு அது வேணும்னு ஆயிருச்சுன்னா இருதயப் பட்டியல்ல அவர் பேரை நிறுத்தி வெக்கவேண்டி வரும். இருதயத்தோட கிட்னியும் சேர்ந்து கெடைச்சாத்தான் அப்புறம்."

மைதிலி ஆஸ்பத்திரி முற்றத்துக்குப் போய், நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்த டயாலிசிஸ் சென்டருக்குப் போன் போட்டாள். விடிந்தால் ஏறுமோ இறங்குமோ, வழி ஒன்று தெரிந்து வைத்துக்கொள்வோம் என்று.

"வாரத்துக்கு மூணு நாளுங்களா, வரட்டுங்க. பிரஷர் எப்படி இருக்கும் பேஷண்டுக்கு?"

"பிரஷர் மத்தவங்களுக்குப் பார்க்கறாப்பல பார்க்க முடியாதுங்க. நாடி இல்லீங்க அவருக்கு."

"என்னங்க சொல்றீங்க? உசுரோட இருக்கறாருங்களா?"

அவள் பம்பைப் பற்றி விளக்கினாள். எல்லாம் கேட்டுவிட்டு அந்த ஆள், "தப்பா நெனைச்சுக்காதீங்கக்கா, எங்க மிஷினுக்கும் ஆளுகளுக்கும் அது ஒத்துவராதுங்க" என்று வைத்துவிட்டான். அவனைக் குறைசொல்லவும் அவளுக்கு மனசு வரவில்லை.

குணசீலனோடு அவள் பேசுவதை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. இட்லி ஊட்டினாள், வயிற்றில் ஒயர் வரும் இடத்து மருந்துக்கட்டை மாற்றினாள், தலை துவட்டினாள். பேச்சு மட்டும் இல்லை. அவர் ஒருதரம், "நான் ஏமாத்தோணும்னு பண்ணல மைதிலி" என்றார். இன்னொருதரம், "திட்டிப்போடு. நாலு வார்த்தை திட்டிப்போட்டீன்னா எனக்குச் சரியாப் போயிரும்" என்றார். அவள் பேசின் பக்கம் திரும்பி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். திட்டுவதற்கு வார்த்தை இல்லாமல் இல்லை. வாயைத் திறந்தால் எது வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் சின்னண்ணன் காரில் வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. கிளம்பிய அவசரத்தில் இரண்டாவது ஜோடிப் பேட்டரியும் சுவரில் மாட்டும் கரண்ட் பெட்டியும் வீட்டிலேயே நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு செட்டை இரவல் கொடுத்திருந்தார்கள், அது இன்னொருவருக்கு வேண்டியிருந்தது. குணசீலன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். போயிட்டு வாரேன் என்று சொல்லாமலே அவள் இறங்கிவிட்டாள். "மூணு மணிக்கு ரிசல்ட் வந்திரும், நானே கூப்பிடறேன் அக்கா" என்றாள் வெண்ணிலா.

பேட்டரிகளை எடுத்துப் பையில் வைத்துவிட்டு, ஏதோ தோன்றி, மைதிலி அந்த அறையின் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். தோட்டம் பூராவும் தீய்ந்து கிடந்தது. செம்பருத்தி குச்சியாக நின்றது. ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும், யாரும் வைக்காமல் தானாக முளைத்த ஒரு பப்பாளி, ஆளுயரத்துக்குப் பச்சைப் பசேலென்று இலை விரித்திருந்தது. அடியில் மண் இன்னும் கறுப்பாக இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சாலம்மாள் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எப்படி இருக்கறாரு கண்ணு? அந்தச் செடி மேல என்ன பாசம் உங்கூட்டுக்காரருக்கு! தெனமும் பொழுதோட பாட்டில் பாட்டிலா ஊத்துவாரு. நாங்கூடக் கேட்டேன், ஏஞ் சாமி உனக்குத்தான் நாக்கு வறண்டு கெடக்குது, அதுக்கு எதுக்கு ஊத்தறேன்னு. எல்லாங் கணக்கு இருக்குதுன்னு சொல்லிச் சிரிச்சாரு."

"பார்த்தீங்களாக்கா? எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"பப்பாளிக்குத் தண்ணி ஊத்தறதை வந்து சொல்லுவாங்களா?" சாலம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணுக்கு வரலீன்னு மட்டும் பண்ணையாளு கந்தப்பங்கிட்டச் சொல்லியிருக்கறாரு. அவம் பொண்டாட்டி ஊரு ஆத்தூர்தானே. அவன் வாயில ஒண்ணு நிக்குமா?"

மைதிலி ஜன்னலைச் சாத்தினாள். கந்தப்பனிடம் சொல்லியிருக்கிறார். கூடக் குடித்தனம் நடத்துகிறவளிடம் வேர்வையில் போகிறது என்று சொல்லியிருக்கிறார். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. முப்பது வருசத்தில் பார்க்காத ஒரு ஆளை அந்த ஜன்னல் வழியாகப் பார்த்ததுபோல் இருந்தது.

திரும்பும்போது கார் திருச்செங்கோட்டைத் தாண்டியதும் சின்னண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்க மாமா."

"தண்ணி நிறுத்தற நாயத்தை எங்கிட்டக் கேட்டான். நாஞ் சரின்னுதான் சொன்னேன். முப்பது வருசமா அவன் சொல்லி ஒரு பேட்ச் கெட்டதில்ல. பத்தாவது பெயிலான எனக்கு எதுக்குச் சந்தேகம் வருது? நல்ல ரோசனைதாண்டான்னு முதுகுல தட்டிக் குடுத்தேன்." மூக்கை உறிஞ்சினார். "இந்தக் கையாலதான்."

மைதிலி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அறுபது வயது மனுசன், வண்டியை ரோட்டின் வெள்ளைக்கோட்டைத் தாண்டி விட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டியை ஓரங்கட்டுங்க மாமா, தண்ணி குடிங்க" என்றாள்.

"வேண்டாம் சாமி. தண்ணின்னாலே..."

"குடிங்க."

நிறுத்தினார். குடித்தார். அவளும் அதே பாட்டிலில் மிச்சத்தைக் குடித்தாள். காரில் மணி இரண்டு ஐம்பது.

பெருந்துறையைத் தாண்டும்போது மூன்றேகால். வெண்ணிலா கூப்பிடவில்லை. ரிசல்ட் தாமதமாகியிருக்கும். விஜயமங்கலம் டோல்கேட்டில் வரிசை. மூன்றரை. மைதிலி தானே அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எந்நேரம் கூப்பிட்டாலும் எடுக்கிற பிள்ளை.

"டாக்டர்கூட ரவுண்ட்ஸ்ல இருக்கும்" என்றார் சின்னண்ணன்.

"ஆமாங்க மாமா."

"எறங்கியிருந்தா உடனே கூப்பிட்டுச் சொல்லியிருக்கும்னு நெனைக்காத. எறங்குனாலும் வேலை இருக்குமில்ல."

அவள் அப்படி நினைக்கவில்லை, அவர் சொன்ன பிறகுதான் நினைத்தாள். ஏறியிருந்தால் இந்நேரம் கழுத்தில் குழாய் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட அவள் அங்கே இல்லை. அவரே போட்டிருப்பாரா? சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு போட்டிருப்பாரா? இரண்டு நாளாக வாயில் அடைத்துக் கிடந்ததெல்லாம் இப்போது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. முதலில் திட்டவேண்டும். வாயாரத் திட்டவேண்டும். ரிசல்ட் எத்தனை என்று கேட்பது அதற்கு அப்புறம்தான்.

குணசீலன் நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். அந்த முனையில் மணி அடித்தது. கேட் தூக்கியது, பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான், சின்னண்ணன் காரை எடுத்தார். ஒரு கையால் மறுகாதைப் பொத்திக்கொண்டு மைதிலி கேட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.